செல்விக்கு: அத்தையின் மேல்வலி பற்றி

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் சுகம். அவரைப் பந்தல் பூத்துவிட்டது, மழையைத்தான் காணோம். கணக்கு டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். பச்சைச் சேலைக்காரி இன்னும் அதே பச்சைச் சேலைதான். உன் பேத்திக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், நீ பிரித்துப் படிக்காமல் அவளிடம் கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் முதல் பக்கத்தில், கோவில்பட்டி அத்தைக்கு மேலெல்லாம் நோவு, மூன்று டாக்டரிடம் காட்டியாச்சு, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள் என்கிறாய். நாலாம் பக்கத்தில், உன் ஓரகத்தி வீட்டுக் கல்யாணக் கதைக்கு நடுவே, அத்தை போன வருஷம் வீட்டை மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டார், இப்போது பின்கட்டுத் தாழ்வாரத்தில் படுக்கிறார், போனில் "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறார் என்கிறாய். நீ இரண்டு சேதியாக எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே சேதியாகப் படுகிறது, அதுதான் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யாராவது அடித்தார்களா என்று கேட்டு, இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாதே. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த கணக்குப்படி, அறுபது தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். ஏச்சும் அவமதிப்பும் நூற்றுக்குச் சுமார் 11.6, பணம் சொத்துப் பறிப்பு 6.8, கவனிக்காமல் போடுவது 4.2, அடி உதை 2.6. இந்த நாலில் அடிதான் கடைசியில் வருகிறது. நம் நாட்டில் 2017-18-ல் எடுத்த பெரிய முதியோர் ஆய்வில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் தங்களை மோசமாக நடத்தியதாகச் சொன்னார்கள். ஆறில் ஒன்றுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்து நம் வீடுகள் நல்ல வீடுகள் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. சோறு போடுகிறவர் காதுபட யார் உண்மை சொல்வார்கள்?

கை ஓங்காமலே உடம்பை நோகவைக்கலாம், செல்வி. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்குக் கட்டில் எடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டால், ஒவ்வொரு தடவை எழும்போதும் முழங்கால் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். ராத்திரி ஒன்றுக்குப் போக நாலு தடவை எழுந்தால் நாலு தடவை அந்த வேதனை. அதற்குப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். மலச்சிக்கல் வரும், நீர்க்கடுப்பு வரும், அடிவயிறும் இடுப்பும் வலிக்கும். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காக வாங்கித் தராவிட்டால் பாதம் எரியும். ஊன்றுகோலைக் கைக்கு எட்டாத மூலையில் வைத்துவிட்டால் நடை குறையும், தசை கரையும், மூட்டு இறுகும்.

இன்னொன்றை டாக்டர்கள்கூட எளிதில் தவறவிடுகிறார்கள். வெயிலே படாமல் பின்கட்டில் அடைந்து, கஞ்சியும் ஊறுகாயுமாக மாதக்கணக்கில் இருந்தால் வைட்டமின் டி அடிமட்டத்துக்குப் போகும். எலும்பு மெத்தென்று ஆகி இடுப்பு, தொடை, விலா எல்லாம் வலிக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழத் தொடையில் பலம் இருக்காது, நடை வாத்து நடையாக அசையும். எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அத்தைக்கு இதுவாகவே இருக்கலாம். ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் பார்க்கச் சொல். குணமாகக்கூடிய வலி இது.

பயத்துக்கு வருகிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தோள் இறுகும் வீட்டில் இருப்பவருக்குக் கழுத்தும் முதுகும் நாள் முழுக்க வலிக்கும். தூக்கம் கெட்டால் அதே வலி மறுநாள் கூடுதலாகத் தெரியும். மனம் சோர்ந்தால் இன்னும் கூடும். இது நடிப்பில்லை, நரம்பு மண்டலம் அப்படித்தான் வேலை செய்கிறது. லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதை முழு வலி என்றார். உடம்பு, மனம், உறவு, ஆன்மா நாலும் சேர்ந்து நோகிற வலி. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை ஆற்ற முடியாது என்பதுதான் அவர் சொன்னது.

வலி இருப்பவர் எரிச்சல்படுவார், ராத்திரி கூப்பிடுவார், வேலையெல்லாம் மெதுவாகும். பார்த்துக்கொள்கிறவர் பொறுமை இழப்பார், வார்த்தை தடிக்கும், கவனிப்பு குறையும், வலி இன்னும் ஏறும். இதனால்தான் அங்கே போனதும் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதே என்கிறேன். நீ வாய் திறந்தால் எப்படி இருக்கும் என்று ஹாஸ்டல் மெஸ்காரர் அறிவார்! இந்தத் தடவை மட்டும் அடக்கிக்கொள், தாயே. நீ சண்டை போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவாய், அன்றைக்கு ராத்திரி அத்தை அங்கேதான் இருக்க வேண்டும். அந்த மருமகளுக்கே கைமாற்ற ஆள் இல்லையோ என்னவோ, அதையும் கேட்டுப் பார்.

ஆனால் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அமெரிக்காவில் நியூ ஹேவன் ஊரில் 65 தாண்டியவர்களைப் பதின்மூன்று வருஷம் பின்தொடர்ந்து 1998-ல் ஓர் ஆய்வு வந்தது. கொடுமைக்கு ஆளானதாகப் பதிவானவர்களில் கடைசியில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர், புகார் எதுவும் இல்லாதவர்களில் 40 பேர். மற்ற நோய்களையெல்லாம் கழித்துப் பார்த்தபிறகும் அவர்கள் சாகும் வாய்ப்பு மூன்று மடங்கு.

போனதும் அத்தையைத் தனியாகப் பார். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன் என்று கிணற்றடிக்குக் கூட்டிப்போ. எண்ணெய் வைக்கும்போது காது மடல், கழுத்து, முதுகு எல்லாம் தானாகக் கண்ணில் படும். வயதானவர்களுக்குத் தற்செயலாக வரும் கன்றல் பத்தில் ஒன்பது கை கால்களில்தான் இருக்கும், எப்படி வந்தது என்று அவர்களுக்கே பெரும்பாலும் ஞாபகம் இராது. காதில், கழுத்தில், புட்டத்தில், உள்ளங்காலில் கன்றியிருந்தால் உஷாராகு. முகத்திலோ முதுகிலோ ஐந்து சென்டிமீட்டருக்குமேல் பெரிதாக இருந்தாலும் அப்படித்தான். நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று கணக்குப் போடாதே, மஞ்சள் நிறம் முதல் நாளே வரலாம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையவிடாத மாத்திரை சாப்பிட்டால் லேசாக இடித்தாலே கன்றும், அதையும் விசாரி. இடுப்பெலும்புக்கு மேலும் குதிகாலிலும் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடு. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண்ணின் முதல் படி.

"உங்களைக் கொடுமைப்படுத்துறாங்களா" என்று கேட்டால் எந்தத் தாயும் ஆமாம் என்று சொல்ல மாட்டாள். இப்படிக் கேள்: ராத்திரி எழுந்திருக்க யார் கை கொடுக்கிறார்கள்? மாத்திரை டப்பா யாரிடம் இருக்கிறது? பென்ஷன் பணம் யார் கைக்குப் போகிறது? வீட்டில் யாரைப் பார்த்தாவது பயமா இருக்கா? கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. உனக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார். முந்தின மாதம் வாங்கின அட்டையில் பாதி மிச்சம் இருந்தால் யாரோ கொடுக்கவில்லை, அல்லது அத்தையே விழுங்கவில்லை. இரண்டில் எது என்று தெரிய வேண்டும். வலிக்கு இப்போது என்ன போடுகிறார்கள் என்பதையும் பார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்காக இருந்தால் நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் பேசு. ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். பாராசிட்டமாலில் தொடங்குவதுதான் முறை. வலி வந்தபிறகு ஒன்று என்றில்லாமல், நேரம் வைத்து மூன்று வேளை. நாளைக்கு மூன்று கிராமைத் தாண்டக் கூடாது, அத்தை மாதிரி ஐம்பது கிலோகூட இல்லாதவருக்கு அதற்கும் கீழே, அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கட்டில் போடு. உட்கார்ந்தால் பாதம் தரையில் படிந்து, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கிற உயரம். பக்கத்தில் கைப்பிடி, தண்ணீர்ச் செம்பு, டார்ச், ஊன்றுகோல். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் பிசியோதெரபிஸ்டும் வலி நிவாரண நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெளியாள் ஒருவர் முறையாக வந்துபோகும் வீட்டில் கை ஓங்குவதும் கதவைப் பூட்டுவதும் தானாகக் குறையும். வலி கொஞ்சம் அடங்கி நாலு நாள் தூங்கினாலே அத்தை தன் விஷயத்தைத் தானே பேச ஆரம்பிப்பார் என்று நம்புகிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது யாராலும் முடிவெடுக்க முடியாது.

பெரியப்பாவைப் பற்றி ஒரு வரி. மறதி முற்றியவர் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். மூச்சு, முனகல், முகம், உடம்பை வைத்திருக்கும் விதம், சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண் போட்டு நாங்கள் பார்ப்போம். குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுகிறார் என்றாயே, அது பிடிவாதமாக இல்லாமல் தோள்வலியாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தாய். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டப்படி கோவில்பட்டி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், ரொம்ப அவசியமானால் இன்னும் 30 நாள். மாதம் பத்தாயிரம் வரை ஜீவனாம்சம் போட முடியும். செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலை எடுத்து, கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படி. இருந்து, பார்த்துக்கொள்ளவும் இல்லை என்றால் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். எழுதவில்லை என்றால் வழி கடினம், ஆனால் அடைபட்டுவிடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தது; அந்த வழக்கில் பார்த்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்திருந்தார். ஆபத்தான நிலைமை என்று பட்டால் 14567-க்குப் போன் செய், முதியோர் உதவி எண், காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை. நடுராத்திரி என்றால் 112.

மனு கொடுப்பதா வேண்டாமா என்பதை அத்தைதான் சொல்ல வேண்டும். மகன் பேரில் புகார் வேண்டாம், கட்டிலும் மாத்திரையும் போதும் என்றால் அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, திரும்பத் திரும்பப் போய்ப் பார். நீ பார்த்ததை மட்டும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி உன் வீட்டில் வை. போட்டோ எடுப்பதானால் அத்தையைக் கேட்டு எடு.

ரத்தப் பரிசோதனை முடிவும் மாத்திரை அட்டைகளின் படமும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் கூப்பிடுகிறேன், அதற்குள் கோவில்பட்டி போய்வந்துவிடு.

அன்புடன்,
வசந்தா