மாரிக்கு முன் ஒரு வேண்டுகோள்: மட்டக்களப்பு நகர வர்த்தகர்களுக்குத் திறந்த மடல்

கோட்டைமுனையிலும் புளியந்தீவிலும் கடை நடத்தும் வர்த்தகப் பெருமக்களுக்கும், எமது வர்த்தகர் சங்கங்களின் நிருவாகத்தினருக்கும் பணிவான வணக்கம்.

திருமலை வீதியில் என் தந்தையார் தொடங்கிய பலசரக்குக் கடையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருபவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். அரசாங்கத்திடமோ மாநகர சபையிடமோ கேட்பதற்கு நம்மிடம் பல கோரிக்கைகள் உண்டு. அவற்றை வேறொரு வேளையில் கேட்கலாம். நம் கடைகளில் பொலித்தீன் பை கொடுப்பதை நிறுத்துவது நாம் நமக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டிய விடயம் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2025 நவம்பர் 1 ஆம் திகதி முதல், கைபிடியுள்ள பொலித்தீன் பைகளை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றும், அவற்றுக்கு விலை அறவிட வேண்டும் என்றும், அவ்விலையைக் கடையில் காட்சிப்படுத்திப் பற்றுச்சீட்டிலும் குறிப்பிட வேண்டும் என்றும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை கட்டளை பிறப்பித்தது. நாம் அதை எப்படி நிறைவேற்றினோம் என்பதை ஒவ்வொருவரும் மனந்திறந்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காட்போட் துண்டில் விலையை எழுதிக் கல்லாப் பெட்டியின் அருகே தொங்கவிட்டோம். முதல் சில நாட்கள் வாடிக்கையாளர் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களும் பழகிவிட்டார்கள், நாமும் பழகிவிட்டோம். இப்போது பை வேண்டுமா என்று கேட்கும் வழக்கம்கூடப் பல கடைகளில் இல்லை; சாமான் பைக்குள் போன பிறகுதான் அதன் விலை சிட்டையில் ஏறுகிறது. முன்பு இலவசமாகப் போன பை இன்று காசுக்குப் போகிறது. மக்கள் வீட்டிலிருந்து பை கொண்டுவர வேண்டும் என்பதே கட்டளையின் நோக்கம்; அந்த நோக்கத்தை நாம் அடையவில்லை, அடைய முயலவும் இல்லை.

இதற்கு முன்னரும் இப்படியே நடந்தது. 2007 இல் 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லன்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைக்குள் வந்தன. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் அப்போதே தடையாயிற்று. 2021 இல் சிறு சஷேக்கள், 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழல், கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு என்று பட்டியல் நீண்டது. றெஜிபோம் பெட்டி ஓரளவு மறைந்தது உண்மை. மற்றவற்றில் பலவும் வேறு பெயரிலோ வேறு தடிப்பிலோ நம் கடைகளுக்குத் திரும்பி வந்தன. பரிசோதகர் வரும் நாளில் ஒளித்து வைத்தோம், போன பிறகு வெளியே எடுத்தோம். இந்த ஒளிவுமறைவு என் கடையிலும் நடந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஏனைய நகரங்களைவிட நமக்கு இந்த விடயத்தில் கூடுதல் பொறுப்பு இருப்பதாக நான் நம்புவதற்குக் காரணம் நம் கடைகள் நிற்கும் இடம். புளியந்தீவு நாற்புறமும் வாவி சூழ்ந்த ஒரு தீவு. கோட்டைமுனையில் எந்தத் தெருவில் நின்றாலும் சற்று நடந்தால் தண்ணீர். கடைவாசலில் விழும் பை வடிகானுக்குள் போகிறது, வடிகான் வாவிக்குப் போகிறது, இடையில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. வாவி வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பதால், எவ்வளவு கழிவையும் அது தாங்கிக்கொள்ளும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறு. வாவியின் ஆழம் குறைவு. நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டாது. மழையில்லாத மாதங்களில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுகிறது. ஆகவே கடல்நீர் வந்து கழுவிச் செல்லும் என்று எதிர்பார்க்க வழியில்லை. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் வாவிக்குள் விழுந்தது அதற்குள்ளேயே கிடந்து, மாரி வெள்ளம் பெருகி முகத்துவாரம் வெட்டப்படும் நாளில்தான் கடலுக்குப் போகிறது. அதிலும் ஒரு பகுதி கண்டல் வேர்களிலும் சேற்றிலும் சிக்கித் தங்கிவிடுகிறது. உணவகங்களிலிருந்து வரும் கழுவுநீரும் கழிவும் சேர்ந்து, செடிகொடிக்கு உரமாகும் சத்துகளைத் தண்ணீரில் பெருக்குகின்றன. பாசியும் ஆற்றுவாழையும் பெருகுகின்றன. அவை அழுகும்போது தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. காந்தி பூங்கா ஓரம் மாலையில் நடப்பவர்களுக்கு இந்த நாற்றம் புதிதல்ல. அந்தத் தண்ணீரில் வீச்சுவலை போட்டு இறாலும் நண்டும் பிடித்து வருபவர்தான் அந்தக் காசோடு நம் கடைக்கு அரிசி வாங்க வருகிறார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

எனக்கு இந்த அக்கறை ஏற்பட்டது ஒரு கார்த்திகை மாதத்து மழையால். சில ஆண்டுகளுக்கு முன், இரவு முழுவதும் பெய்த மழைக்குப் பின் காலையில் கடையைத் திறந்தபோது அரிசி மூடைகளின் அடிவரிசை முழுவதும் நனைந்து கிடந்தது. அதற்கு முன் எவ்வளவு பெரிய மழைக்கும் கடைக்குள் தண்ணீர் ஏறியதில்லை. பக்கத்துக் கடைக்காரரும் நானும் இரண்டு பையன்களும் சேர்ந்து வடிகான் மூடியைக் கிளப்பினோம். உள்ளே சேற்றோடு சேர்ந்து கயிறுபோல் முறுகி அடைத்துக் கிடந்தவை எல்லாம் பைகள். ஒன்றைப் பிடித்து இழுத்தபோது ஒரு கூடை அளவு தொடர்ந்து வந்தது. கழுவிப் பார்த்ததில் அவற்றில் பல என் கடையின் பெயரை அச்சிட்டு நானே காசு கொடுத்துச் செய்வித்தவை. விளம்பரம் என்று எண்ணி நான் ஊரெங்கும் அனுப்பிய பெயர் என் வாசலிலேயே வந்து அடைத்திருந்தது. அன்றைக்கு நான் யார்மீதும் குறை சொல்ல முடியாதவனாக நின்றேன்.

அடுத்த மாதமே என் கடையில் பை கொடுப்பதை நிறுத்தினேன். அந்த முயற்சி தோற்றது. ஏன் தோற்றது என்பதே இம்மடலின் மையம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நமது வாடிக்கையாளரில் பெரும்பங்கினர் நகரத்தில் குடியிருப்பவர்கள் அல்லர். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்தும் தெற்கே களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்தும் காலையில் பஸ் ஏறி வந்து, வங்கி, வைத்தியசாலை, கந்தோர் அலுவல்களை முடித்துக்கொண்டு, நாலைந்து கடைகளில் சாமான் வாங்கி, மாலை பஸ்ஸில் திரும்புபவர்கள். அப்படி வந்த ஒரு வயதான அம்மா, பருப்பும் சீனியும் மாவும் மேசையில் வைத்த பிறகு, “மனே, பையில்லாம இதெல்லாம் எப்படிக் கொண்டு போற?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சாமானை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அன்றைய தினம் அவர் மட்டுமல்ல, இன்னும் பலர் போனார்கள். மூன்று வாரம் பொறுத்தேன்; நான்காவது வாரம் பைக் கட்டை மீண்டும் மேசைக்குக் கீழே வைத்தேன்.

அந்த அம்மா வீட்டிலிருந்து புறப்படும்போதே நகரத்தில் எந்தக் கடையிலும் பை கிடைக்காது என்று தெரிந்திருந்தால், கதவடியில் தொங்கும் பையை எடுத்துக்கொண்டுதான் வந்திருப்பார். ஒரு கடை மட்டும் நிறுத்தினால் அந்தச் செய்தி அவரது வீடு வரை போகாது. அந்தக் கடைக்கு நட்டம் வருவதோடு முடிந்துவிடும். தெருவே நிறுத்தினால் போகும். நகரமே நிறுத்தினால் ஒரே மாதத்தில் வவுணதீவுக்கும் வெல்லாவெளிக்கும் அச்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நம்மில் எவரும் பையை விரும்பிக் கொடுக்கவில்லை என்பதை நான் அறிவேன். அடுத்த கடைக்காரர் கொடுக்கிறாரே என்ற அச்சத்தில்தான் ஒவ்வொருவரும் கொடுக்கிறோம். அந்த அச்சத்தைத் தனித்தனியே எவராலும் வெல்ல முடியாது. கூடி முடிவெடுத்தால் ஒரே நாளில் அது இல்லாமற் போகும்.

பையின்றி வியாபாரம் நடக்காது என்பவர்களுக்கு என் தந்தையார் காலத்துக் கடையை நினைவூட்ட விரும்புகிறேன். கூரையிலிருந்து தொங்கும் நூற்கண்டும், பழைய பத்திரிகைத் தாளும் இருந்தன. சீனியும் பருப்பும் கொத்தமல்லியும் பேப்பர்ச் சரையில் போயின. வாங்க வந்தவர் கையில் பன்புல்லால் இழைத்த பன்பை இருந்தது. நமது மாவட்டத்துப் பெண்கள் நீரோரத்துப் பன்னை வெட்டி உலர்த்திச் சாயமேற்றிப் பாயும் பையும் இழைக்கும் கைத்திறன் இன்னும் அழிந்துபோகவில்லை. வாங்குவோர் குறைந்ததால் இழைப்போர் குறைந்தார்கள், அவ்வளவுதான். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறி ஓடுகிறது. அங்கு மிஞ்சும் துணித்துண்டுகளில் தைத்த பை பல ஆண்டுகள் உழைக்கும். எல்லாவற்றிலும் சிறந்த எடுத்துக்காட்டு நமது எருமைத் தயிர். மண்சட்டியில் உறைந்து, மேலே தாள் மூடி, கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு கொழும்புவரை பஸ்ஸில் போகும் அந்தச் சட்டி உடைந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். உடையாவிட்டால் வீட்டில் பூச்செடிக்கு ஆகும். அந்தத் தயிரைப் பிளாஸ்டிக் கோப்பைக்கு மாற்றிக்கொண்டிருப்பவர்களிடம், தயவுசெய்து சட்டியைக் கைவிட வேண்டாம் என்று தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொள்கிறேன். சட்டி தண்ணீரை உறிஞ்சித் தயிரை இறுக்குவதால்தான் அந்தப் பதம் வருகிறது என்பதை வெளியூர்க்காரர்கூட அறிவர்.

மீன், இறைச்சி வியாபாரிகளின் சிரமம் வேறு. ஈரச் சாமானைத் துணிப்பையில் போடச் சொல்ல முடியாது. பாத்திரம் கொண்டுவரும் பழக்கம் மீண்டும் வரும்வரை அவர்களுக்கு விலக்கு அளித்தே நாம் தொடங்கலாம் என்பது என் கருத்து.

குப்பை பிரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நமது நாட்டின் நகரக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. பொலித்தீன் கலக்காமல் கொடுத்தால் அது சேதனப் பசளை, கலந்து கொடுத்தால் வெறும் குப்பை. அது எங்கேயாவது ஒரு ஊருக்குத்தான் போக வேண்டும். நகரக் குப்பை கொட்டப்பட்ட திருப்பெருந்துறையின் மக்கள் நீண்ட காலம் அதன் நாற்றத்தையும், குப்பைமேடு தீப்பற்றி எரிந்தபோது எழுந்த புகையையும் சுமந்தார்கள். அவர்கள் பொறுக்க முடியாமல் வீதிக்கு இறங்கிய பிறகுதான் நமக்கு அது ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது. பின்னர் குப்பை போகும் இடமாக ஏறாவூர்ப்பற்றின் கொடுவாமடு என்ற பெயரை நாம் கேள்விப்பட்டோம். இடம் மாறியது, கட்டிக் கொடுத்த மூட்டை மாறவில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் திறந்த குப்பைமேட்டை மேய்ந்த யானைகள் எட்டு ஆண்டுகளில் சுமார் 20 இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் வெளிவந்தது. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் இருந்ததைக் கால்நடை வைத்தியர் கண்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று, கடையில் முடிச்சிட்டு வைத்திருந்த குப்பை மூட்டையை நான் அவிழ்த்துப் பிரித்தேன். அன்று முதல் என் கடையில் இரண்டு உரப்பைகள் தனித்தனியே நிற்கின்றன. உணவகம் நடத்தும் அன்பர்கள் இதைச் செய்வது எங்களைவிடப் பன்மடங்கு பயன் தரும், ஏனெனில் உக்கக்கூடியது அவர்களிடமே மிகுதி.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வைகாசி மாதத்துக்குள் சங்கங்கள் கூட்டுக் கூட்டம் ஒன்றைக் கூட்டி, ஆவணி முதலாம் திகதியிலிருந்து உலர்ந்த சாமான்களுக்குப் பொலித்தீன் பை கொடுப்பதில்லை என்று நகர எல்லைக்குள் உள்ள எல்லாக் கடைகளும் ஒருமித்துத் தீர்மானிக்க வேண்டும். இடையில் உள்ள இரண்டு மாதங்களும் வாடிக்கையாளருக்கு அறிவிப்பதற்காக. பஸ் நிலையத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பதாகை வைப்பதற்கும், பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் தேவாலயங்களிலும் சொல்லிவைக்கக் கேட்பதற்கும் அது போதும். அதுவரை நாம் பைக்காக அறவிடும் காசை எவரும் தமக்கென்று எடுத்துக்கொள்ளாமல் தெருவுக்கு ஓர் உண்டியலாகச் சேர்க்கலாம். அந்தப் பணத்தில், மாநகர சபையின் அனுமதியோடு, வாவிக்குள் திறக்கும் வடிகான் வாய்களுக்குக் கம்பி வலை பொருத்தி, அதில் சேர்வதை வாரந்தோறும் அள்ளுவதற்கு ஆள் அமர்த்தலாம். பை இல்லாமல் வந்தவருக்குக் கொடுப்பதற்காகத் துணிப்பை, பன்பைகளை வாங்கி, திருப்பித் தந்தால் காசு திரும்பும் என்ற ஏற்பாட்டில் எல்லாக் கடைகளும் ஒரே வகைப் பையைப் பயன்படுத்தலாம். ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடையில் திருப்பிக் கொடுக்கலாம். அதில் எந்தக் கடையின் பெயரும் இருக்கத் தேவையில்லை.

கூட்டம் கூட்டுவதற்கு இடம் தேவைப்பட்டால் என் கடையின் மேல்மாடி ஞாயிறு மாலைகளில் காலியாக இருக்கிறது. ஐம்பது பேர் வரை அமரலாம். வடிகான் வாய்கள் எங்கெங்கே வாவிக்குள் திறக்கின்றன என்பதை நானும் இரண்டு அயல் கடைக்காரர்களும் ஒரு பகுதிக்கு நடந்து பார்த்துக் குறித்து வைத்திருக்கிறோம். புளியந்தீவுப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களில் இருவர் மூவர் முன்வந்தால், வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் காத்திருப்போம்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்,
பலசரக்கு வர்த்தகன், திருமலை வீதி, மட்டக்களப்பு.