எட்டு வாரத்தில் ஓர் ஆய்வேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசியத் தரவரிசைப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் அதில் சென்னைக் கல்லூரிகள் எத்தனை என்று எண்ணி மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4தான். ஆனால் அது வாசலில் நுழைந்தவர்களின் கணக்கு. முதுகலையில் என்ன கற்றார்கள் என்று தெரிய வேண்டுமானால், ஏதாவது ஒரு துறை அலமாரியைத் திறந்து, நான்காவது செமஸ்டர் ஆய்வேடு ஒன்றை உருவிப் புரட்டிப் பாருங்கள். மற்ற தாள்களை முந்தைய ஐந்தாண்டு வினாத்தாளையும் நோட்ஸையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம். ஆய்வேட்டை அப்படி ஒப்பேற்ற முடியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது அதையும் ஒப்பேற்றுகிறார்கள். அதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

முன்பைவிட இப்போது இந்த ஆய்வேடு முக்கியமாகிவிட்டது. 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறைகள், முதுகலைக்கும் பிஎச்டிக்கும் நடுவில் இருந்த எம்ஃபில் ஆய்வுப் படிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டன. எம்ஃபில் மீது ஆயிரம் குறை சொல்லலாம், அதில் பாதி நியாயமும்கூட. இருந்தாலும் ஒரு கேள்வியை எப்படி அமைப்பது, தரவை எங்கே தேடுவது, மேற்கோளை எப்படிக் காட்டுவது என்று பலர் கற்றுக்கொண்டது அந்த ஓராண்டில்தான். இன்று முதுகலையில் 55 சதவீதமும் நெட் தேர்ச்சியும் இருந்தால் பிஎச்டி வாசல் திறந்துவிடும். நெட் என்பது நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வு. ஆக, பிஎச்டிக்குப் பதிவு செய்யும் ஒருவர் அதற்கு முன் செய்திருக்கும் ஒரே ஆய்வு அந்த முதுகலை ஆய்வேடுதான்.

அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம்? காகிதத்தில் ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள். நடப்பில், மூன்றாவது செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பர் என்று இழுக்கும். மழை வலுத்தால் அதுவும் தள்ளிப்போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்படித்தான் தள்ளிப்போனது. நான்காவது செமஸ்டர் சூடு பிடிப்பதற்குள் பொங்கல் விடுமுறை வந்துவிடும். அதன் பிறகு ரோல் நம்பர் வரிசையில் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, ஒதுக்கீடு. மாணவருக்குப் பிடித்த பகுதி ஒன்று, கைடுக்குத் தெரிந்த பகுதி வேறொன்று என்றாலும் வரிசை மாறாது. டைட்டில் முடிவாகும்போது ஜனவரி கடைசி. பிப்ரவரியில் கல்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே. நடுவே இரண்டு மூன்று தியரி தாள்கள், இன்டர்னல் தேர்வுகள். மார்ச் கடைசியில் ஆய்வேடு மேசைக்கு வந்தாக வேண்டும். கழித்துப் பார்த்தால் எட்டு வாரம் தேறினால் அதிகம்.

வேதியியல் மாணவருக்கு இந்த எட்டு வாரம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். கெமிக்கல் வாங்க மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, அதன் பிறகே ஆர்டர். கடையில் கையிருப்பு இல்லாத வினைப்பொருள் என்றால் வந்து சேர மூன்று முதல் ஆறு வாரம். ஒருவழியாகச் சேர்மத்தைத் தயாரித்துவிட்டால், தயாரித்தது அதுதானா என்று உறுதிசெய்ய என்எம்ஆர், எக்ஸ்ஆர்டி போன்ற அளவீடுகள் வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் இந்தக் கருவிகள் கிடையாது. ஐஐடி வளாகத்தில் உள்ள நவீனக் கருவிப் பகுப்பாய்வு மையம் போன்ற இடங்களுக்கு அனுப்பி, சாம்பிளுக்கு இவ்வளவு என்று கைக்காசைக் கட்டி, வரிசையில் காத்திருக்க வேண்டும். மார்ச் முதல் வாரம் கொடுத்த சாம்பிளுக்கு முடிவு வருவதற்குள் ஆய்வேடு பைண்டிங்குக்குப் போயிருக்கும்.

அப்போதுதான் போன பேட்ச் மாணவரின் ஸ்பெக்ட்ரம், அதாவது கருவி வரைந்து தரும் அளவீட்டுப் படம், கைமாறுகிறது. தேதியும் சாம்பிள் எண்ணும் அச்சாகியிருக்கும் மேல் ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தை ஒட்டிவிடுவார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. செய்முறைப் பகுதியில் டியூட்டிரியம் ஏற்றிய குளோரோஃபார்மில் கரைத்ததாக எழுதியிருக்கும். அப்படியானால் புரோட்டான் என்எம்ஆர் படத்தில் 7.26 பிபிஎம் அருகே கரைப்பானின் எச்சக் கோடு நிற்க வேண்டும். அது இல்லாமல் 2.50-ல் ஒரு கோடு நின்றால் அது டிஎம்எஸ்ஓ என்ற வேறு கரைப்பானில் எடுத்த படம், வேறு யாருடையதோ. வெளியிலிருந்து வரும் புறத் தேர்வாளர் இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் அவருக்குக் கிடைக்கிறதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் கதை வேறு. அங்கே கெமிக்கல் தேவையில்லை, கூகுள் ஃபார்ம் போதும். டைட்டில் எதுவானாலும் கடைசியில் 'வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு சென்னை சிட்டி' என்று முடியும். மாதிரி அளவு பெரும்பாலும் 120. ஏன் 120 என்று கேட்டால், சீனியர் ஆய்வேட்டில் அப்படித்தான் இருந்தது. ஃபார்ம் லிங்க் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி, உறவினர் குழுக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும். சென்னை மாநகர நுகர்வோரின் கருத்து என்பது இப்படி அந்த வகுப்புத் தோழர்களின் கருத்தாக முடிகிறது.

அடுத்து, வயதுக்கும் பதிலுக்கும் தொடர்புண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை. ஐந்து வயதுப் பிரிவுகள் குறுக்கே, 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'அறவே ஏற்கவில்லை' வரை ஐந்து பதில்கள் நெடுக்கே. மொத்தம் 25 கட்டங்கள். 120 பேரை 25 கட்டங்களில் பரப்பினால் கட்டத்துக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை சராசரியாக 4.8. எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் குறைவான கட்டங்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் இந்தச் சோதனையை நம்பக் கூடாது என்பது புள்ளியியலில் பாலபாடம். மென்பொருளே அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இதை எச்சரிக்கிறது. அந்த வரியை அழித்துவிட்டு அட்டவணையை மட்டும் ஒட்டுகிறார்கள். வயதை மூன்று பிரிவாக்கி, பதில்களையும் ஏற்கிறேன், நடுநிலை, ஏற்கவில்லை என்று மூன்றாகச் சுருக்கினால் ஒன்பது கட்டம். கட்டத்துக்குச் சராசரி 13-க்கு மேல் வரும். ஐந்து நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய விஷயம் இது. சொல்லித்தர உட்கார்ந்து பேசும் ஆள்தான் இல்லை. அந்த இடத்தில்தான் 'புராஜெக்ட் சென்டர்' வந்து நிற்கிறது. வடபழனி, தி.நகர் பக்கம் போனால் தரவைக் கொடுத்தால் அதை அலசும் நான்காம் அத்தியாயம், தலைப்பைக் கொடுத்தால் முழு ஆய்வேடு என்று போர்டு மாட்டாத குறைதான்.

எழுத்துத் திருட்டைப் பிடிக்க மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு கொடுக்க முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. விதி நன்றாகத்தான் இருக்கிறது. தமிழில் எழுதும் ஆய்வேட்டுக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். இன்றும் பல ஜெராக்ஸ் கடைகளில் தமிழ் ஆய்வேட்டை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். நம் கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். மென்பொருள் அதை எதனோடு ஒப்பிடும்? பழைய ஆய்வேட்டிலிருந்து நாற்பது பக்கத்தை அப்படியே எடுத்திருந்தாலும் ஒற்றுமை பூஜ்யம் என்று சான்றிதழ் வரும். அதை முதல் பக்கத்திலேயே வைத்து பைண்ட் செய்கிறார்கள். கணினி தமிழைத் தமிழாகவே படிக்க உதவும் யுனிகோடை, தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்று ஆணை போட்டாயிற்று. ஆய்வேட்டை யுனிகோடில்தான் ஏற்போம் என்று ஒரு துறைத் தலைவர் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே இந்த ஓட்டை அடைபடும். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததை எந்த மென்பொருளும் உறுதியாகப் பிடிக்காது. அதற்கு வைவா எனும் வாய்மொழித் தேர்வுதான் மருந்து.

அந்த வைவாவுக்கு வருவோம். வகுப்பில் 24 பேர். புறத் தேர்வாளர் பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தை 24-ஆல் வகுத்தால் ஆளுக்கு ஏழரை நிமிடம். டீ, வடை, கையெழுத்து, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கழித்தால் ஆறு. அதில் மாணவர் ஸ்லைடு காட்ட நான்கு. மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தில் யாராக இருந்தாலும் 'எதிர்காலத்தில் இதை எப்படி விரிவுபடுத்துவீர்கள்' என்றுதான் கேட்பார்கள்.

மாற்ற வேண்டியதில் பெரும்பகுதி காலண்டர். இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள், அதாவது முதலாண்டு மார்ச் மாதத்தில், மாணவர் மூன்று பக்கத்தில் ஒரு முன்மொழிவு கொடுக்கட்டும்: என்ன கேள்வி, யார் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள், எந்தத் தரவு, அது எங்கே கிடைக்கும், எவ்வளவு செலவு, எது தவறிப்போகலாம். கைடு ஒதுக்கீடு அந்த மூன்று பக்கத்தைப் படித்த பிறகு. கெமிக்கல் ஆர்டர் ஜூலையில் போய்விட வேண்டும். சாம்பிள் மூன்றாவது செமஸ்டரில் அக்டோபருக்குள் போனால், முடிவு சரியில்லை என்றாலும் இன்னொரு முறை செய்ய நேரம் இருக்கும். வரலாற்று மாணவர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத் துறைக் கடிதத்தோடு ஆகஸ்டிலேயே போய்விட வேண்டும். முதல் சில நாட்கள் அட்டவணையைப் புரட்டி, எந்த அரசாணை எண்ணைக் கேட்பது என்று கண்டுபிடிப்பதிலேயே போகும். பிப்ரவரியில் போனால் அந்த நாட்களோடு ஆய்வும் முடிந்தது.

இதற்கு விதியில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2024-ல் யுஜிசி வெளியிட்ட முதுகலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, மூன்றாண்டு இளங்கலை முடித்து வருபவர்களின் இரண்டாம் ஆண்டுக்கு மூன்று வழிகளைத் தருகிறது: முழுக்க வகுப்பு, ஒரு செமஸ்டர் வகுப்பும் ஒரு செமஸ்டர் ஆய்வும், அல்லது ஆண்டு முழுக்க ஆய்வு. அந்தக் கட்டமைப்பை மாநிலம் ஏற்பதும் விடுவதும் தனி அரசியல். ஆய்வை மூன்றாவது செமஸ்டருக்கு இழுத்து வர பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவே போதும்.

சிக்கல் மே மாதத்தில் இருக்கிறது. இரண்டாம் செமஸ்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் உள்ள அந்த விடுமுறைதான் படிப்பதற்கும் முன்னோட்டச் சோதனைக்கும் உகந்த காலம். ஆனால் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பல துறைகளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 11 மாத ஊதியம்தான், மே மாதம் கிடையாது. ஊதியமில்லாத மாதத்தில் லேபைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார் என்று யாரை எந்த வாயால் சொல்வது? மாணவர் பக்கமும் அப்படித்தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. மே வந்தால் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். 24 மாணவர்களை இருக்கும் மூன்று ஆசிரியர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு. டைம்டேபிளில் 'புராஜெக்ட்' என்று கட்டம் இருக்கும். அந்த நேரத்தில் எந்த ஆசிரியர் எந்த மாணவரோடு உட்கார வேண்டும் என்று இருக்காது. பெயர் போட்டு வாரம் ஆளுக்கு அரை மணி என்று எழுதி, அதை ஆசிரியரின் 16 மணி நேர வேலைப்பளுவில் சேர்க்காதவரை கைடு என்பது முன்பக்கத்தில் கையெழுத்துப் போடுபவர் மட்டுமே.

வைவாவுக்கு ஒரு சின்ன மாற்றம் போதும். பக்க எண் அச்சிட்ட நோட்டு ஒன்றை ஆளுக்குக் கொடுத்து, தேதி போட்டுப் பேனாவில் எழுதச் சொல்லி, கைடு வாரம் ஒருமுறை கையெழுத்திடட்டும். தோற்ற சோதனையும் அதில் இருக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. புறத் தேர்வாளர் ஸ்லைடை மறந்துவிட்டு நோட்டை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, 'அன்று என்ன செய்தாய், ஏன் இந்த அளவு மட்டும் மற்றவற்றோடு பொருந்தவில்லை' என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கிய ஆய்வேடு மூன்றாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு நாளாகப் பிரித்து ஆளுக்கு 15 நிமிடம் கொடுத்தால் நன்று.

நூலகம் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்லூரிகளுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. வீட்டிலிருந்து படிக்க நூலகர் ஒவ்வொரு மாணவருக்கும் தனி லாகின் உருவாக்கித் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். அரசு உதவிபெறும் தனியார் கல்லூரி மாணவர்களுக்கு இந்த வசதி முதல் கட்டத்தில் இல்லை. சென்னையில் முதுகலைப் படிப்பின் பெரும்பகுதியைச் சுமப்பதில் அந்தக் கல்லூரிகளுக்கும் பங்குண்டு என்பதை தில்லிக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக பைண்டிங். ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, துறைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, கைடுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று மார்ச் கடைசி வாரத்தில் திருவல்லிக்கேணிக் கடைகளில் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சில ஆண்டுகளில் துறை அலமாரி நிரம்பியதும் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போகிறார். ஒரு பிரதியும், மூலத் தரவோடு ஒரு பிடிஎஃப்பும் போதும் என்று சுற்றறிக்கை விட்டால், மிச்சமாகும் பணத்தில் மாணவர் இன்னொரு சாம்பிள் அனுப்பிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.