நாற்றம் நின்றால் வாயு போய்விட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "அழுகிய முட்டை நாற்றம் அடங்கியதும் வாயு கலைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்." அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கே எழுதியிருந்தால் மரியாதை குறைந்திருக்கும்.

நான் 31 ஆண்டுகள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன். கிப் கருவியில் அயர்ன் சல்ஃபைடு துண்டுகளைப் போட்டு, நீர்த்த அமிலம் ஊற்றி, மாணவர்களின் உப்புப் பகுப்பாய்வுக்கு வாயுவைத் தயாராக வைப்பது என் அன்றாட வேலை. ஒரு நாள் காலை வாயு அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. முந்தைய நாள் கருவியின் திருகு சரியாக மூடப்படவில்லை. உள்ளே போய்த் திருகை இறுக்கினேன். அதற்குள் நாற்றம் குறைந்து, சிறிது நேரத்தில் அறவே இல்லாமல் போயிற்று. சரி, போய்விட்டது என்று நம்பி, கீழே சிந்தியிருந்த அமிலத்தைத் துடைக்கக் குனியப் போனேன். கசிவு நின்றதா என்று பார்க்க, இந்த வாயு பட்டால் கறுக்கும் லெட் அசிட்டேட் தாளை நனைத்துப் பிடிப்பது என் வழக்கம். அன்றும் பிடித்தேன். குழாயருகே அல்ல, சும்மா இடுப்பு உயரத்தில் காற்றில் நீட்டிய தாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்துப்போனது. அறை முழுக்க வாயு இருந்தது. என் மூக்குதான் இல்லை. வெளியே ஓடி வந்தேன். அன்று முழுவதும் தலைவலியும் கண்ணெரிச்சலும் விடவில்லை. உங்கள் கட்டுரையாளர் சொன்னதை நம்பியிருந்தால் குனிந்தவன் எழுந்திருக்க மாட்டேன்.

காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் வெகு குறைவாக இருக்கும்போதே இந்த வாயுவை மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் 100 முதல் 150 பங்கு வரை ஏறினால் மோப்ப நரம்பே மரத்துவிடுகிறது. குறைந்த அளவிலும், தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால் மூக்கு சலித்துப்போகும். 700 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பக்கூடும். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே அது முடக்கிவிடுகிறது. ஆக, நாற்றம் நிற்பது பல நேரங்களில் ஆபத்து கூடியதன் அடையாளம். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார் என்ற செய்தியை நீங்களே எத்தனை முறை வெளியிட்டிருக்கிறீர்கள்! பின்னால் இறங்கியவர் "இப்போது நாற்றம் இல்லையே" என்று நினைத்திருக்க மாட்டாரா?

இது முதல் பிழையாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாணவர் கேள்வி-பதில் பகுதியில் இதே வாயு "காற்றைவிட இலேசானது" என்று வந்தது. அதன் மூலக்கூறு எடை 34, காற்றின் சராசரி 29. பள்ளத்தில் தங்கும் வாயுவை மேலே பறக்கவிட்டீர்கள். இன்னொரு முறை, இதை அடர் கந்தக அமிலத்தின் வழியே செலுத்தி உலர்த்தலாம் என்றீர்கள். அந்த அமிலம் இதை ஆக்சிஜனேற்றம் செய்து கந்தகமாக்கிவிடும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிப் பாத்திரப் படத்தின் கீழ், அது கறுப்பது "துருப்பிடிப்பதால்" என்று போட்டிருந்தீர்கள். அந்தக் கறுப்பு சில்வர் சல்ஃபைடு. மூன்று முறையும் கடிதம் எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. ஆனால் ஒரு நடிகரின் பெயரில் ஓர் எழுத்து பிசகியபோது அடுத்த இதழிலேயே கட்டம் கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள். அதைப் பார்த்தபோது என் மனம் மிகவும் புண்பட்டது.

மற்றொரு குறையும் உண்டு. கட்டுரை முழுக்க நாற்றம், நாற்றம் என்றே போகிறது. இந்த வாயு செய்யும் வேலை கட்டுரையில் எங்கே? அமிலம் சேர்த்த கரைசலில் செலுத்தினால் காப்பர் கறுப்பாக, காட்மியம் நல்ல மஞ்சளாக, ஆன்டிமனி ஆரஞ்சாக வீழ்படிவாகும். அதே கரைசலில் ஜிங்க் அசையாமல் இருக்கும். அம்மோனியா சேர்த்துக் காரத்தன்மை தந்தபின் செலுத்துங்கள், வெள்ளையாக இறங்கும். மாங்கனீசு இளஞ்சிவப்பில், தோல் நிறத்தில். இந்த வாயு வலிமை குறைந்த அமிலம் என்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது: வெளியிலிருந்து சேரும் அமிலம் சல்ஃபைடு அயனிகளை அடக்கிவைக்கிறது, காரம் விடுவிக்கிறது. இப்படி ஒரே வாயுவால் உலோகங்களை வரிசையாகப் பிரித்தெடுப்பதைப் பார்த்து வாயைப் பிளந்த மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் விட்டால் ஊதா நிறம் மறைந்து கந்தகம் கலங்கி நிற்கும். எரித்தால் நீலச் சுடர். காற்று தாராளமாக இருந்தால் கந்தக டை ஆக்சைடு, போதாவிட்டால் கந்தகமே படியும். இதன் ஒரு பங்கை எரித்துக் கிடைக்கும் கந்தக டை ஆக்சைடை மீதியுடன் வினைபுரியச் செய்து கந்தகம் எடுப்பதுதான், 1883இல் கிளாஸ் என்ற வேதியியலாளர் காப்புரிமை பெற்ற முறையைப் பின்னாளில் திருத்தியமைத்த வடிவத்தின் அடிப்படை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இன்றும் பெரும்பாலும் அந்த வழியில்தான் கந்தகத்தை மீட்கின்றன. இதற்கு ஒரு பத்தி ஒதுக்க இடமில்லாமல் போனதா?

கட்டுரையை முழுதாகத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே அறிவியல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரி போடுங்கள்: "நாற்றம் நின்றாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம். வாயுமானியால் அளந்து பார்க்காமல் உள்ளே இறங்காதீர்கள்." கடைசிப் பக்கத்தில் விளம்பரங்களுக்கு இடையே வேண்டாம். போன முறைகளைப் போல இந்தக் கடிதத்தையும் ஒதுக்கிவைத்துவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆய்வக உதவியாளர்