காபி பூத்த வியாழக்கிழமை

சேலம்
மார்ச் கடைசி ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

நீங்கள் கிளம்பி ஒரு வாரம் ஆகிறது. உன் அம்மா இன்னும் அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கிவிட்டு, மிச்சத்தையெல்லாம் உறை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஒரே தயிராக இருக்கிறது.

போனில் பேசினால் "சரி, சரி" என்று இரண்டு வார்த்தை சொல்லி அவளிடம் கொடுத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும்போது காரில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுபவர் காதில் வீட்டுப் பேச்சு விழக் கூடாது என்பது எனக்குப் பழகிப்போன சட்டம். அவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை மட்டும் இன்னொரு முறை சொல்லிவை. எட்டாவது வளைவில் பிரேக் சூடான வாசனை எனக்கு வந்தது.

முதலில் வியாழக்கிழமை விஷயம். உங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம்தான் விடுமுறை. இரு பக்கத்துச் சனி, ஞாயிறைச் சேர்த்தாலும் ஒன்பது நாள். அதிலும் சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து சேலம் என்று போக வர இரண்டு நாள் கரைந்துவிடுகிறது. அதனால் நீ கையில் பட்டியலோடு வந்து இறங்கினாய். திங்கள் ஏற்காடு, செவ்வாய் மேட்டூர், புதன் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, வியாழன் செவ்வாய்ப்பேட்டையில் சின்னவளுக்குக் கொலுசு. நான் ஏற்காட்டை வியாழனுக்குத் தள்ளச் சொன்னதும் உன் முகம் சுருங்கிவிட்டது. காரணம் கேட்டாய். "மலையில் வேலை இருக்கிறது" என்றேன். அது பதிலா என்று நீ அம்மாவிடம் சமையலறையில் முணுமுணுத்தது கூடம்வரை கேட்டது.

காரணம் இருந்தது. முன்கூட்டிச் சொல்லி நடக்காமல் போனால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்களே என்றுதான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வருவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இரவு மலையில் நல்ல மழை. மறுநாள் காலையிலேயே எஸ்டேட் மேஸ்திரி போன் செய்துவிட்டார். காலை முதல் பஸ்ஸில் வருடக்கணக்காக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர் அவர். கோடை தொடங்கும்போது பெய்யும் அந்த ஒரு மழைக்காகத்தான் காபி மொட்டுகள் அரிசி மாதிரி முறுக்கிக்கொண்டு காத்திருக்கும். நனைந்ததிலிருந்து ஒன்பது, பத்து நாளில் காடே ஒரே மூச்சில் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிப் பழுப்பாகிவிடும். திங்கட்கிழமை போயிருந்தால் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது பச்சை இலையும் ஏரியில் படகும்தான். படகு உங்கள் ஊரிலும் இருக்கிறது.

சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் கிளை கிளையாக வெள்ளை. காரை விட்டு இறங்கியதும் நீ "யார் மல்லிகை வைத்திருக்கிறார்கள்?" என்று திரும்பிப் பார்த்தாயே, அந்த நிமிடமே என் வேலை முடிந்துவிட்டது. சின்னவள் ஒரு கொத்தைப் பறிக்கப் போனாள். மேஸ்திரி கையைப் பிடித்து, "ஒரு பூ போனால் ஒரு பழம் போச்சு, பழத்துக்குள் இரண்டு கொட்டை போச்சு" என்றார். அதன் பிறகு பெரியவன் தங்கைக்குக் காவலாளி ஆகிவிட்டான். ஒரு கிளையில் எத்தனை பூ என்று எண்ணி, எத்தனை கொட்டை என்று பெருக்கி, நூறைத் தாண்டியதும் ஒரு தேனீ வந்து கணக்கைக் குலைத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. காபியே குடிக்காத பையன் அரை மணி நேரம் அந்தச் செடியை விட்டு நகரவில்லை. இந்தச் செடி யார் வைத்தது என்று என்னைக் கேட்டான். இருநூறு வருடத்துக்கு முன் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்றேன். "அவருக்கு லீவு எத்தனை நாள்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிளியூர் அருவிதான் மானத்தை வாங்கிவிட்டது. மார்ச்சில் அங்கே பாறைதான் இருக்கும் என்று சொல்லியும் நீ பட்டியலை விடவில்லை. "அப்புச்சி, தண்ணீரை யார் நிறுத்தினார்கள்?" என்று சின்னவள் கேட்டபோது நீயே சிரித்துவிட்டாய். மேட்டூரைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. அணையைவிட மீன் வறுவல்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். தட்டுவடை செட்டை மாப்பிள்ளை மூன்று முறை கேட்டு வாங்கியதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "இத்தனை வருடம் தினமும் இந்த மலையில் ஏறி இறங்கினீர்களே அப்பா, எங்களை ஒரு தடவையாவது கூட்டிவந்தீர்களா?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டேதான் கேட்டாய்.

ஊருக்கே விடுமுறை என்றால் பஸ் டிரைவருக்கு வேலை கூடும். உங்களுக்குப் பள்ளி மூடும் மே மாதத்தில்தான் மேலே கோடை விழா. சிறப்புப் பேருந்து விடுவார்கள். லீவு கேட்டால் கிடைக்காது. மற்றவர் பிள்ளைகளை ஜன்னலோரம் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக் காட்டிவிட்டு, இரவு வீட்டுக்கு வந்தால் நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

ஆனால் ஒரு தடவை கூட்டிப்போனேன். உனக்கு ஏழு வயது. அழுது அடம்பிடித்தாய் என்று டூட்டி பஸ்ஸிலேயே என் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் சாக்கு விரித்து உட்காரவைத்தேன். பதினோராவது வளைவில் வாந்தி. வண்டியை நிறுத்த முடியவில்லை, பின்னால் லாரி. கண்டக்டர்தான் எலுமிச்சம்பழத்தை உன் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மேலே இருபது நிமிடம் நிறுத்தம். ஒரு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன், ஏரிப் பக்கம் கை நீட்டிக் காட்டினேன், நேரமாகிவிட்டது, இறங்கிவிட்டோம். இறங்கும்போது நீ தூங்கிவிட்டாய்.

உனக்கு அது நினைவில்லை. நான்தான் இத்தனை நாளாக அதைக் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தேன், பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போனவன் என்று. காரில் நீ கேட்டபோது, "ஒரு தடவை வந்திருக்கிறாயே" என்று வாய்வரை வந்தது. அன்று நான் போனது டூட்டிக்கு என்பதும் கூடவே தோன்றியது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். லேடீஸ் சீட் காட்சி முனையில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

உங்களுக்கு ஜூனில் நான்கு வாரம் விடுகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். வாருங்கள், மாம்பழம் இருக்கும். மார்ச்சில் மல்கோவா கேட்டால் அம்மா எங்கே போவாள்? ஆனால் அடுத்த மார்ச்சிலும் வர வேண்டும். டிக்கெட்டை நீ எடு, பட்டியலை என்னிடம் விட்டுவிடு. மழை எந்த நாளில் பெய்யும் என்று தெரியாது, அதனால் எந்தத் தேதி என்று மட்டும் இப்போதே கேட்காதே.

பெரியவனிடம் சொல்: நேற்று இரவு மலையில் மறுபடி மழை. பூ உதிர்ந்தபின் காய் பிடிக்க இந்த மழைதான் வேண்டும். அவன் எண்ணிய கிளையில் மேஸ்திரி சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். பழம் நவம்பருக்கு மேல்தான்.

சின்னவளின் இடது கால் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. வலது கால் செருப்பு அங்கே இருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லையென்றால் மேட்டூரில்தான் போயிருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா