வெள்ளிக்கிழமையே 300 ஆக்கிவிடு

தக்கலை

மக்களே,

மாமாவின் ஏத்தங்காய் சிப்ஸ் கடை வெப்சைட்டை சனிக்கிழமை ராத்திரி வேறு சர்வருக்கு மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். 'உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும்' என்று அந்தக் கம்பெனிக்காரர் சொன்னதில் பயந்தும் போயிருக்கிறாய். இதில் எதுவும் பரவாது. கடை எந்த சர்வரில் இருக்கிறது என்ற பழைய விடையை வாங்கி வைத்திருப்பவர்களிடம் அதன் கெடு முடிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கெடு எவ்வளவு என்பது உன் கையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு நீ கவர் எழுதுவதை நினைத்துப் பார். முதலில் பெயர், பிறகு வீடு, ஊர், கடைசியில் கன்னியாகுமரி மாவட்டம், 629 என்று தொடங்கும் பின்கோடு. தபாலில் பிரிக்கிறவர்கள் கீழேயிருந்து மேலே வாசிப்பார்கள். டொமைன் பெயரையும், அதாவது டாட் காம் என்று முடிகிற வெப்சைட் பெயரையும், அப்படி வலது கோடியிலிருந்துதான் வாசிக்க வேண்டும். டாட் காமுக்குப் பிறகும் ஒரு புள்ளி உண்டு, நாம் அடிப்பதில்லை. அதுதான் ரூட், எல்லாப் பெயருக்கும் வேர்.

மார்த்தாண்டத்தில் ஒருத்தர் போனில் கடைப் பெயரை அடித்தால், போன் ரிசால்வரிடம், அதாவது பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் சர்வரிடம், கேட்கும். அது நெட் கொடுக்கிற கம்பெனியுடையதாக இருக்கலாம், கூகுளின் 8.8.8.8 போலப் பொதுவானதாகவும் இருக்கலாம். கையில் விடை இல்லையென்றால் ரிசால்வர்தான் அலையும். ரூட் சர்வருக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பல நாடுகளில் மெஷின்கள். ரூட்டுக்கு நம் கடையைத் தெரியாது, 'காம் சர்வர் இங்கே' என்று மட்டும் சொல்லும். காம் சர்வர் கடையின் விவரத்தை வைத்திருக்கும் நேம்சர்வரைக் காட்டும். அந்த நேம்சர்வர்தான் கடை சர்வரின் முகவரியாக 203.0.113.10 மாதிரி ஒரு எண்ணைத் தரும். இத்தனையும் பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். என்ற இந்த ஏற்பாட்டை வடிவமைப்பதற்கு முன்னால், எல்லாப் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது. ஒவ்வொருவரும் அதை நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இனிதான் உன் விஷயம். எண்ணோடு சேர்ந்து டி.டி.எல். என்று ஒரு வினாடிக் கணக்கும் வரும். அதுவரை ரிசால்வர் விடையைக் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்திருக்கும், மறுபடி போய்க் கேட்காது. கடைக்கு இப்பம் 86400, அதாவது ஒரு முழு நாள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பழைய எண்ணை வாங்கிய ரிசால்வர், நீ பத்து மணிக்கு மாற்றினாலும் ஞாயிறு ஒன்பது வரை பழைய சர்வருக்கே ஆளை அனுப்பும்.

அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எண்ணைத் தொடாமல் டி.டி.எல்.லை மட்டும் 300 ஆக்கு. முன்னாலே 86400 என்று வாங்கிப் போனவர்களின் கெடு தீரத்தான் அந்த ஒரு நாள் இடைவெளி. சனிக்கிழமை ராத்திரி டி.டி.எல்.லையும் எண்ணையும் ஒன்றாக மாற்றினால் ஒரு பலனும் இல்லை. எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதுதான். பழைய சர்வரைப் புதன் வரை அணைக்காதே, டி.டி.எல்.லை மதிக்காத ரிசால்வரும் உண்டு. எல்லாம் சரியான பிறகு 3600 ஆக்கு.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டெர்மினலில் டிக் (dig) என்று அடித்து, இடம் விட்டுக் கடைப் பெயரைப் போடு. விடை வரியில் பெயருக்கு அடுத்து 86400-க்குள் ஒரு எண் இருக்கும், 51212 என்று வை. பத்து வினாடி கழித்து அடித்தால் 51202. கெடு குறைவது அப்படியே தெரியும். 8.8.8.8-ல் கேட்டால் எண் ஏறி இறங்கும், பதறாதே. அந்த ஒரே முகவரிக்குப் பின்னால் தனித்தனிக் கேஷ் பல இருக்கிறது. கடையின் நேம்சர்வரிடமே நேரே கேட்டால் எப்போதும் முழு எண்தான் வரும்.

நேம்சர்வரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதே, சர்வரின் எண் இருக்கும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்று. காம் சர்வர்கள் தரும் நேம்சர்வர் விவரத்துக்கு டி.டி.எல். 172800. அந்த 48 மணி நேரக் கணக்கு இங்கே மட்டும்தான் பொருந்தும். போதாததற்கு, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். ரெக்கார்டைப் புது இடத்தில் போட மறந்தால், மெயில் அனுப்புகிற சர்வர் ஏ ரெக்கார்டில் உள்ள வெப்சர்வரிடமே மெயிலைக் கொடுக்கப் பார்க்கும். அங்கே வாங்க ஆள் இருக்காது. ஆர்டர் மெயில் வராதது மாமாவுக்குத் தெரியவே நாலு நாள் ஆகும்.

கடைப் பெயருக்கு முன்னால் 'ஆர்டர்' என்று துணைப்பெயர் ஒன்று வைக்கப் போகிறாய் அல்லவா, ரெக்கார்டு போடும் முன் அதைத் திறந்து பார்க்காதே. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற விடையும் கேஷில் உட்காரும். எவ்வளவு நேரம் என்பதை டொமைனின் பொது விவரம் இருக்கும் எஸ்.ஓ.ஏ. ரெக்கார்டின் கடைசி எண் சொல்லும். 3600 இருந்தால் ஒரு மணி நேரம் நீயே உன் வழியை அடைத்த மாதிரி. ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் சி-நேம் ரெக்கார்டைத் துணைப்பெயருக்கு வைக்கலாம், வெறும் கடைப்பெயருக்கு வைக்கக் கூடாது. அங்கே எஸ்.ஓ.ஏ.வும் நேம்சர்வர் ரெக்கார்டும் ஏற்கெனவே இருக்கிறது, அவற்றோடு சி-நேம் சேர்ந்து இருக்க முடியாது.

மாற்றிய பிறகு வைஃபையில் ஒரு தடவை, மொபைல் டேட்டாவில் ஒரு தடவை பார். உன் லேப்டாப்பில் கேஷைத் துடைத்தால் உன் லேப்டாப்புக்கு மட்டும்தான் துடைபடும்.

இன்னொன்று. டொமைன் ரினியூவல் நினைவூட்டல் கடை டொமைனின் மெயிலுக்கே போகும்படி வைத்திருக்கிறாய். கெடு தாண்டி டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுபோகும். இன்றைக்கே உன் ஜிமெயிலுக்கு மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி போடு.

அம்மா