கிணற்றடி நெருஞ்சியைக் கொத்த வேண்டாம்

ஈஸ்ட்போர்ன், இங்கிலாந்து
ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நல்ல சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அப்பா உச்சி வெயிலில் வலை பொத்த உட்காராமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேயும் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். ஆனால் மணல் கிடையாது, கரை முழுக்கக் கூழாங்கல். இந்த மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது அடைகிறது. டூட்டி முடிந்து வந்தாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

போனில் கேட்டாயே, நம்ம நீல வண்ணத்துப்பூச்சி அங்கே இருக்கா என்று. அதன் உறவுக்காரன் இருக்கிறான். பெயர் காமன் ப்ளூ. இறக்கையை விரித்தால் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர், நம்முடையதைவிடப் பெரிசு.

முதலில் ஏமாந்துதான் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சுவரில் படர்ந்த கொடிக்கு மேலே ஒன்று நீலமாகப் பறந்துகொண்டே இருந்தது. அதுதான் என்று நினைத்தேன். ஒருநாள் உட்கார்ந்தபோது பார்த்தால், அடிப்பக்கம் வெளிர் நீலத்தில் கறுப்புப் புள்ளி மட்டும், காமன் ப்ளூவுக்கு இருக்கிற ஆரஞ்சு துளிகூட இல்லை. அது ஹாலி ப்ளூ, வேறு ஜாதி.

அப்புறம்தான் நம் ஊர் ஞாபகம் வந்தது. உச்சிப்புளிப் பக்கம் பனங்காட்டில் நாம் என்றைக்காவது பூச்சியைத் தேடினோமா? நெருஞ்சி படர்ந்த இடத்தில் போய்க் குந்தினால், அது தானே கணுக்கால் உயரத்தில் வந்து சுற்றும். அதே மாதிரி காமன் ப்ளூவின் புழு எதைத் தின்னும் என்று விசாரித்தேன். தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கிற ஒரு செடி, அவரை இனம். காய்கள் பறவைக் கால்விரல் போல விரிந்து நிற்பதால் பெயரே பறவைக்கால் செடி என்கிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே பீச்சி ஹெட் என்று ஒரு சுண்ணாம்புப் பாறை மேடு. கடலிலிருந்து 162 மீட்டர் செங்குத்தாக, வெள்ளை வெளேரென்று நிற்கும். மேலே புல்வெளியில் அந்த மஞ்சள் பூ கொட்டிக் கிடக்கிறது. போன வாரம் ஏழரை மணிக்கு மேல் போனேன். பறக்கிறது ஒன்றையும் காணோம். சரி, திரும்பலாம் என்று குனிந்தால், ஒரு புல் தாளில் தலைகீழாக ஒன்று தூங்குகிறது! பக்கத்துத் தாள்களில் இன்னும் மூன்று.

முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மடக்கிய இறக்கை சாம்பல் நிறம். கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வளையம். ஓரத்தில் வரிசையாக ஆரஞ்சுப் பொட்டு, அதற்கும் வெளியே வெள்ளைக் கரை. அந்தக் கரையைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். கறுப்புக் கோடு குறுக்கே வெட்டினால் அது அடோனிஸ் ப்ளூ, அதுவும் இதே மேட்டில் இருக்கிறது. இதில் கரை சுத்த வெள்ளை. ஆண்தான் நீலம், பெண் பெரும்பாலும் பழுப்பு. இது தெரியாமல் எத்தனை பெண்களை வேறு ஜாதி என்று விட்டேனோ.

இதன் புழு குளிர்காலம் முழுக்கச் செடியடியில் முடங்கிக் கிடக்குமாம். நான் வந்த வருஷம் இந்தக் குளிரில் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, அந்தப் புல்லை விட்டு எழுந்து வர மனசே இல்லை.

இதன் புழுவை எறும்பு சுற்றிச் சுற்றி வருமாம், அது சுரக்கிற தித்திப்புக்காக. நம்முடையதற்கும் அப்படி உண்டா? காலையில் நெருஞ்சி இலையைத் திருப்பிப் பார்த்து எழுது. பச்சைப் புழு, இலை நிறத்திலேயே இருக்கும், அவசரப்படாதே. அப்பா கிணற்றடியைக் கொத்தும்போது ஓரத்தில் ஒரு முழம் நெருஞ்சியை மட்டும் விட்டுவைக்கச் சொல். முள் குத்துகிறது என்று அம்மா திட்டினால், அக்கா கேட்டாள் என்று சொல்.

அன்புடன்,
அக்கா