பொய்க்காலுக்கும் மேசு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போர்க்காலப் பெண்களும் பின்னல் வேலையும் பற்றிச் சென்ற கிழமை தங்கள் மகளிர் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இருமுறை வாசித்தேன். முதலாம் உலகப் போரில் நீர் நிறைந்த அகழிகளுக்குள் நாட்கணக்காக நின்ற படையினரின் பாதங்கள் மரத்து அழுகத் தொடங்கியதையும், உலர்ந்த மேசு மாற்றுவதே அதற்கு முதற் காப்பு என்று கண்டபின் ஊர்கள்தோறும் பெண்கள் பின்னல் ஊசி எடுத்ததையும், அவுஸ்திரேலியாவிலிருந்து மட்டும் 13 இலட்சத்துக்கும் அதிகமான சோடி மேசுகள் போனதையும் கட்டுரையாளர் நன்றாக எழுதியிருந்தார். ஆனால் காலையே இழந்தவருக்கும் மேசு தேவை என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வன்னியில் வாசிக்கப்படும் பத்திரிகையில் அது விடுபடக்கூடாது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொய்க்கால் போடுபவர், எஞ்சிய காலின்மேல் முதலில் ஒரு துணியுறையை அணிந்து, அதன்பின்னரே காலைப் பொய்க்காலின் குழிவான மேற்பகுதியான சொக்கெற்றுக்குள் இறக்குவார். உடம்பின் பாரம் முழுவதும் அந்த மெல்லிய உறையின் ஊடாகத்தான் இறங்குகிறது. மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடதுகாலை இழந்த என் தம்பி, உறை கிழிந்துபோன ஒரு மாதத்தில், கடையில் வாங்கிய சாதாரண மேசின் பாதத்தை வெட்டி, முனையைக் கையால் தைத்துப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனான். அரிசி மணியளவு தடிப்புள்ள அந்தத் தையல் நான்கு நாளில் தோலை அறுத்துவிட்டது. அறுவடை நடந்துகொண்டிருந்த மூன்று கிழமையும் அவன் பொய்க்காலைச் சுவரில் சாத்திவிட்டுத் திண்ணையில் இருந்தான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில், ஊசி கிடையாதபடியால், சைக்கிள் கம்பிகளை வெட்டி, முனைகளைக் கல்லில் உரைத்து, மாணவிகளுக்குப் பின்னல் கற்பித்தவள் நான். அந்தக் கம்பிகள் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. மேசு பின்னுவதற்கு அதைவிட ஏற்ற அளவு இல்லை. அவற்றில் ஐந்தைப் பின்னுவதற்கு மீண்டும் எடுத்தேன். தம்பியின் காலை முழங்காலின் கீழும், நடுவிலும், முனையிலுமாக மூன்று இடத்தில் அளந்தேன். பாதத்துக்காகப் பின்னுகிற மேசில் குதிக்கால் வரும் இடத்தில் பின்னலை வளைத்துத் திருப்ப வேண்டும். இதில் அது இல்லை. ஆனால் கால் கீழே ஒடுங்கிப் போவதால், ஊசியில் நிற்கும் நூல் வளையங்களான கண்ணிகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். அளவைவிடச் சற்று இறுக்கமாகப் பின்னாவிட்டால் உறை சுருக்கம் விழுந்து மடியும். மடிப்பும் தையலைப் போலவே புண்ணாக்கும். இன்னொன்றையும் அவனிடமிருந்து அறிந்தேன். காலையில் நிறைவாக இருக்கும் கால் பின்னேரம் ஆக ஆக வற்றி, சொக்கெற்றுக்குள் ஆடத் தொடங்குகிறது. ஆகவே தடித்த ஓர் உறையைவிட, ஒன்றின்மேல் ஒன்றாகப் போடக்கூடிய மெல்லிய இரண்டு மூன்று உறைகளே உதவும். தடிப்பைப் பார்த்தவுடன் அறிய மேல்விளிம்பில் நீலம், சிவப்பு என்று ஒவ்வொரு கோடு பின்னினேன். எங்கள் வெயிலுக்குப் பருத்தி நூல் குளிர்ச்சிதான், ஆனால் நனைந்தால் இலகுவில் காயாது. மத்தியானம் ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

முனையை மூடுவதுதான் இதன் உயிர். மீந்த கண்ணிகளைச் சரிபாதியாக இரண்டு ஊசியில் நிறுத்தி, மொட்டை ஊசியில் கோத்த நூலை இருபக்கக் கண்ணிகளுக்குள்ளும் மாறிமாறி விட்டு எடுத்தால், அந்த நூலே இன்னொரு பின்னல் வரிசையாகிவிடும்; தையல் என்று ஒன்று இராது. ஆங்கிலேயர் இதற்கு 1914 இல் போர் அமைச்சராக இருந்த கிச்சனரின் பெயரை வைத்துள்ளனர். தென்னாபிரிக்கப் போரில் அவரது ஆணையின் கீழ் விரிவாக்கப்பட்ட தடுப்பு முகாம்களில் 20,000 க்கும் அதிகமான பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். முகாம் என்றால் என்னவென்று அறிந்த எங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வராது. நான் என் மாணவிகளுக்கு இதை ‘தையலில்லா மூடல்’ என்றே சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் வந்த கதையையும் மறைப்பதில்லை.

முதல் உறையைக் கையில் கொடுத்தபோது தம்பி அதை உள்ளும் புறமும் புரட்டி, “அக்கா, இதிலை தையல் எங்கை?” என்று கேட்டான். அதன்பின் எங்கள் அயலில் பொய்க்காலுடன் நடக்கும் மேலும் சிலருக்கும் பின்னிக் கொடுத்துள்ளேன். என் இரண்டு கை எத்தனைக்குத்தான் போதும்? எங்கள் பாடசாலைகளில் பிள்ளைகள் கண்காட்சிக்காகக் குழந்தைத் தொப்பியும் மேசை விரிப்பும் பின்னிப் பின்னி அலுமாரியில் அடுக்குகிறார்கள். அதே கைகள் தவணைக்கு ஒரு பொய்க்கால் மேசு பின்னலாம். அளவெடுக்கப் போகும்போது, அதைப் போடுகிறவரோடு இருந்து கதைக்கவும் பழகலாம்.

முழங்காலுக்குக் கீழான உறைக்குரிய அளவெடுக்கும் முறையையும், கண்ணிக் கணக்கையும், முனை மூடும் வரைபடத்தையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த மகளிர் பக்கத்தில் அவற்றுக்கு இடம் ஒதுக்கித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்தைச் சிறிதாக்கிவிட வேண்டாம். கண்ணிகளை எண்ணக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை மனைப்பொருளியல் ஆசிரியை,
துணுக்காய்.